டவுன்ஹவுஸ் வாங்கப் போகிறீர்களா? சுவர், கிணறு, ஒழுங்கை யாருடையவை என்று முதலில் கேளுங்கள்

ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் டவுன்ஹவுஸ் என்கிறோம். இரண்டு மாடி இருக்கும், சில இடங்களில் மூன்று. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனிப் படிக்கட்டு, தனிக் குசினி. பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு பொது. அடுக்குமாடியில் உங்கள் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் வேறு குடும்பம் இருக்கும், இங்கே இடமும் வலமும் மட்டும்தான். ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது.

யாழ்ப்பாணத்தில் வீடு என்றால் வளவும் சேர்ந்ததுதான். நாலு பக்கமும் வேலி அல்லது மதில், முன்னால் படலை, பின்னால் கிணறு, மா, பலா, முருங்கை. ஆனால் கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில், நல்லூர், கல்வியங்காடு பக்கம் காணி விலை ஏறிய ஏற்றத்தில், பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நல்ல பள்ளிக்கூடங்களுக்கும் கிட்ட ஒரு முழு வளவு வாங்குவது சம்பளக்காரர் பலருக்குக் கைக்கு எட்டாத காரியமாகிவிட்டது. அதனால் பழைய வளவு ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு சின்னப் பாதை விட்டு, இரண்டு, மூன்று அல்லது நாலு வீடுகளை ஒட்டிக் கட்டி விற்கிற வழக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்திருக்கிறது. இது நல்ல விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வயதான தாய் தகப்பனுக்கு, ஆறு பரப்பு (60 பேர்ச்) வளவைக் கூட்டிப் பெருக்கி இரவில் தனியே படுப்பதைவிட, சுவரில் தட்டினால் ஆள் வரக்கூடிய வீடு எவ்வளவோ மேல். புதிதாகக் கலியாணம் செய்த இருவருக்கும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று. வீடு பார்க்கப் போகிறவர்கள் தரை ஓடு, குசினி மேடை, குளியலறைக் குழாய் என்று வீட்டுக்குள் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவற்றில் எதையும் பிறகு காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை நீங்களும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து வைத்திருக்கப் போகிறவை: சுவர், கிணறு, ஒழுங்கை, கழிவுநீர்க் குழி, மழைத் தண்ணீர் ஓடும் வழி. ஒவ்வொன்றையும் காட்டி "இது யாருடையது, எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். வாயால் சொல்கிற பதில் போதாது.

காணி எப்படி உங்களுக்கு வருகிறது

வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டவுன்ஹவுஸ்கள் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு பொருளாக இருக்கலாம். மூன்று வகை உண்டு.

முதல் வகை, வீடு நிற்கிற நிலத்துண்டு தனியாக அளந்து, தனி நில அளவைப் படம் போட்டு, தனி உறுதியோடு (காணிப் பத்திரத்தோடு) வருவது. நாலு எல்லையும் உங்களுடையது, பக்க எல்லை பெரும்பாலும் பொதுச் சுவரின் நடுவால் ஓடும். நமக்குப் பழகிய முறை இதுதான், வங்கிக்கும் பிடித்தது இதுதான். கிடைத்தால் இதையே வாங்குங்கள்.

இரண்டாவது, கொண்டோமினியம் முறை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது. வீடு உங்கள் பெயரில், காணியும் பாதையும் கிணறும் எல்லா வீட்டுக்காரருக்கும் பொது. வீட்டுக்காரர்கள் சேர்ந்த ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும், மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்ட வேண்டும். அடுக்குமாடிக்காக வந்த முறை என்றாலும், ஒழுங்காக நடத்தினால் இது மோசமில்லை. பொதுவானவை எவை, யார் பார்ப்பது, எவ்வளவு காசு என்பதெல்லாம் எழுத்தில் வந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம் தருவது: பிரிக்கப்படாத பங்கு. "இந்த இரண்டு பரப்பில் நாலில் ஒரு பங்கு" என்று உறுதி எழுதி, "இந்த வீடு உங்களுக்கு" என்று வாயால் சொல்லிக் கொடுப்பது. ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளில் குடியிருப்புக்காகப் பிரிக்கக்கூடிய மிகச் சிறிய துண்டு சாதாரணமாக 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 6 பேர்ச். அதைவிடச் சிறிய நிலத்தில் வீட்டைக் கட்டிவிட்டால் முறைப்படி பிரிக்க அனுமதி எடுப்பது கஷ்டம், அப்போது பங்காக விற்பதுதான் விற்பவருக்கு லேசான வழி. வாங்குகிற உங்களுக்கு அது லேசில்லை. சட்டப்படி எந்த அறையும் எந்தச் சுவரும் தனியே உங்களுடையதில்லை, முழுக் காணியிலும் நாலில் ஒன்று உங்களுடையது, அவ்வளவுதான். வங்கிக் கடன் எடுப்பது கஷ்டம். பங்காளிகளில் ஒருவர் பிரிவினை வழக்குப் போட்டால் எல்லோரும் நீதிமன்றம் போக வேண்டும், யாழ்ப்பாணத்தில் பிரிவினை வழக்கு எவ்வளவு காலம் இழுபடும் என்று தெரியாத குடும்பம் குறைவு.

இங்கேதான் தேசவழமையும் வருகிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எழுதித் தொகுத்த நம் வழக்குச் சட்டம் இன்றும் காணி விஷயத்தில் உயிரோடு இருக்கிறது. அதில் முன்வாங்கல் உரிமை என்று ஒன்று உண்டு: காணியை வெளியாருக்கு விற்க முதல், வாங்க உரித்துள்ள சிலருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் அந்தச் சிலர் யார் என்று சுருக்கியது. ஒன்று, அந்தக் காணியின் கூட்டு உரிமையாளர்கள். மற்றது, விற்பவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் யார் வாரிசாவார்களோ அவர்கள். அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் அவர்கள் வழக்குப் போட இடமுண்டு. பங்காக வாங்கினால் மற்ற மூன்று வீட்டாரும் உங்கள் கூட்டு உரிமையாளர்கள், நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். தனி உறுதியோடு வாங்கினால் அந்தத் தொல்லை விலகும், ஆனாலும் விற்பவரின் வாரிசுகளுக்கு அறிவித்தல் போக வேண்டுமா என்று சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதியில் பார்க்க வேண்டியவை

முதலில் அளவு. நம் உறுதிகளில் காணி பரப்பிலும் குழியிலும் இருக்கும், நில அளவைப் படத்தில் ஹெக்டேயரில் இருக்கும், புரோக்கர் பேர்ச்சில் பேசுவார். ஒரு ஏக்கர் 160 பேர்ச், 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச், சதுர அடியில் 2,722, ஹெக்டேயரில் 0.0253. ஒரு பரப்புக்கு 18 குழி. இது வரகு விதைப்புக் கணக்கு, மேட்டுக் காணிக்கு உரியது. நெல் விதைப்புக் கணக்கு என்று இன்னொன்று இருக்கிறது, அதில் ஏக்கருக்கு 24 பரப்பு, பரப்புக்கு 12 குழி. ஒரு நெல் பரப்பு 7 பேர்ச்சுக்கும் குறைவு! "மூன்று பரப்பு" என்றால் எந்தப் பரப்பு என்று கட்டாயம் கேட்க வேண்டும், 30 பேர்ச்சா 20 பேர்ச்சா என்பது பெரிய வித்தியாசம்.

அதைவிட முக்கியம், பழைய உறுதியில் நெல் பரப்பு என்று கண்டால் அந்த இடம் ஒரு காலத்தில் வயலாக இருந்திருக்கக்கூடும். வயலாக இருந்தால் பள்ளம், கார்த்திகை மழைக்குத் தண்ணீர் நிற்கும். வயலை நிரப்பிக் கட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும், அது எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, விற்பவருக்கு இந்தக் காணி எப்படி வந்தது. முதுசமா (பரம்பரையாக வந்ததா), சீதனமா, தேடிய தேட்டமா (கலியாணத்துக்குப் பிறகு தேடியதா)? தேடிய தேட்டம் என்றால் கணவன் மனைவி இருவருக்கும் அதில் உரித்து இருக்கலாம். எந்த வகையாக இருந்தாலும், திருமணமான ஒருவர் விற்கும்போது இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்பதுதான் பாதுகாப்பு. பெற்றோர் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதிய காணி என்றால் சீவிய உரித்து வைத்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவர்களுடையது, அவர்களும் சேர்ந்து கையெழுத்து வைக்காமல் அந்த வீடு முழுமையாக உங்களுக்கு வராது.

காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைத் தேடிப் பார்க்க வேண்டும், வங்கிகளும் அதைத்தான் கேட்கின்றன. ஈடு (அடமானம்) இருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனபோது எத்தனையோ பேரின் உறுதிகள் வீட்டோடு போயின. உரிமையாளர் வெளிநாட்டில், வீட்டில் இருப்பது வேறு குடும்பம், பிறகு நீண்ட காலம் இருந்துவிட்டோம் என்று உரித்துக் கேட்டு ஒரு உறுதி எழுதுவது, இப்படியெல்லாம் நடந்திருக்கிறது. ஆட்சி உரித்தை மட்டும் வைத்து எழுதிய உறுதி சங்கிலியின் தொடக்கத்தில் இருந்தால், நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். விற்பவர் பார்த்துத் தருகிற நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) போதாது, உங்களுக்கென்று ஒருவர் வேண்டும். அந்தச் செலவைக் குறைக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலை வரும்.

முற்பணம் கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, காணி விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். வெள்ளைத் தாளில் "இன்ன தொகை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி முத்திரையில் கையெழுத்து வாங்கினால், காசு கொடுத்ததற்கு அது சாட்சியாகலாம், வீட்டை உங்களுக்கே எழுதித் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்த உதவாது.

சுவர்

எல்லையில் கதியால் போட்டுச் சண்டை பிடித்த ஊர் நாங்கள். இப்போது அந்த எல்லையே வீட்டுச் சுவராக வருகிறது. அதனால் நில அளவைப் படத்தை விரித்து, கோடு சுவரின் நடுவால் போகிறதா, ஒரு பக்கத்தால் போகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தால் போனால் சுவர் முழுவதும் ஒருவருடையது, மற்றவர் அதில் ஆணி அடிக்கவும் அவரைக் கேட்க வேண்டிய நிலை வரலாம். பின்னாளில் மேலே இன்னொரு மாடி எழுப்பலாமா, சுவர் வெடித்தால் யார் செலவு என்பதை எழுதிக்கொள்வது நல்லது.

அப்புறம் தடிப்பு. நாலு அங்குலச் சீமெந்துக் கல்லில் ஒற்றையாக எழுப்பிய சுவர் என்றால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நாடகம் முழுவதும் உங்களுக்கும் கேட்கும். ஒன்பது அங்குலம் என்றால் பரவாயில்லை. ஒருவரைப் பக்கத்து வீட்டில் நின்று சாதாரணமாகப் பேசச் சொல்லிவிட்டு நீங்கள் இந்தப் பக்கம் காது கொடுங்கள், அதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை: பொதுச் சுவர் கூரை ஓடு வரை போகிறதா, சீலிங்கோடு நின்றுவிட்டதா? சீலிங்கோடு நின்றால் மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே வெளி. சத்தம் அதால் வரும், எலி வரும், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அதுவும் வரும், ஆளும் வரலாம். ஒரு ஏணி வைத்து, மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். பீலி இரண்டு வீட்டுக்கும் பொதுவா, மழைத் தண்ணீர் யார் பக்கம் இறங்குகிறது என்பதையும் அதே ஏணியில் நின்றே பார்த்துவிடலாம்.

பக்கச் சுவரில் யன்னல் இல்லாத வீடு என்பதால் காற்று முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் வரும். நமக்கு வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோளகக் காற்று தென்மேற்கில் இருந்து, மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து. முன்பக்கமும் பின்பக்கமும் இந்தத் திசைகளுக்குக் கிட்டத்தட்டப் பார்த்திருந்தால், இரண்டு பக்க யன்னலையும் திறந்துவிட்டு மின்விசிறி இல்லாமலே மதியம் படுக்கலாம். குறுக்காக இருந்தால் மேல்மாடிக் கொங்கிறீற் தட்டு உறிஞ்சிய வெயிலை இரவு முழுவதும் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் வானம் தெரிகிற சின்ன முற்றம் விட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், நம் பழைய நாற்சார் வீட்டுக்காரர் அறிவோடு செய்த காரியம் அது, ஒட்டிக் கட்டிய வீட்டுக்கு இன்னும் பொருந்தும்.

கிணறு

எனக்குப் பேச வேண்டியது அதிகம் இருப்பது இதைப் பற்றித்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு நல்ல தண்ணீர்ப் படையாக, எண்ணெய் மிதப்பது போல நிற்கிறது. அதைத்தான் நாம் இறைக்கிறோம். அளவுக்கு மேல் மோட்டர் போட்டு இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரும். ஒரு குடும்பம் வாளியால் அள்ளிய கிணற்றில் நாலு குடும்பம் நாலு மோட்டர் பூட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுண்ணாம்புக் கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு, வடிகட்டாமல் விடும். மண் படை மெல்லியது, மேலே ஊற்றுவது வெடிப்பு வழியாக நேரே கீழே போய்விடும். தோட்டப் பசளையும் மலக்குழிக் கழிவும் சேர்ந்து யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார அமைப்பு குடிதண்ணீருக்குச் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகத்தான் வரும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 காலத்தில் எவ்வளவு பேரை அலைக்கழித்தது என்பதும் நமக்கு மறக்கவில்லை.

ஒட்டிக் கட்டிய வீடுகளில் இது ஏன் இன்னும் முக்கியம்? ஒரு வளவில் ஒரு கிணறு, ஒரு மலக்குழி என்று இருந்தபோது இரண்டுக்கும் இடையில் தூரம் விட இடம் இருந்தது. குறைந்தது 50 அடி, அதாவது 15 மீற்றர் அளவு விட வேண்டும் என்று சொல்வது வழக்கம், இந்தக் கல்லில் அதுவும் போதும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதே வளவில் நாலு வீடும் நாலு குழியும் வந்தால் எங்கே அந்தத் தூரம்? அளவு நாடாவைக் கொண்டுபோய் உங்கள் குழியில் இருந்து மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழியில் இருந்தும், பின்பக்க வளவுக்காரரின் குழியில் இருந்தும் அளந்து பாருங்கள். அடிக்குக் கொங்கிறீற் போட்டு அடைத்த தாங்கியா, சும்மா தோண்டி விட்ட குழியா என்று கேளுங்கள். கட்டும்போது எடுத்த படம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் வாங்க வேண்டாம். ஒரு போத்தல் தண்ணீரைப் புரட்டாசியில், மழைக்கு முதல் எடுத்தால் உப்பு எவ்வளவு ஏறும் என்பது தெரியும். மழை விழுந்த பிறகு எடுத்தால் கிருமியும் கழிவும் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். இரண்டு தரம் எடுக்க அவகாசம் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். குழாய்த் தண்ணீர் அந்த ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு, ஆனால் குழாய் உங்கள் படலை வரை வந்ததா என்பது ஒழுங்கைக்கு ஒழுங்கை வேறு.

கிணறு பொது என்றால் உறுதியில் அந்தப் பங்கு எழுதியிருக்க வேண்டும். இது நமக்குப் புதிதே இல்லை, தோட்டக் கிணறுகளை எத்தனையோ தலைமுறையாக முறை வைத்து இறைத்தவர்கள் நாங்கள். பழைய உறுதிகளில் கிணற்றில் இத்தனை பங்கு, அதற்குப் போய்வர வழி வாய்க்கால் உரித்து என்று தெளிவாக இருக்கும். புதிய வீட்டுக்கும் அதே தெளிவோடு எழுதச் சொல்லுங்கள், மோட்டருக்கான மின்சாரம் யார் கணக்கில், கிணறு இறைத்துத் துப்புரவாக்கும் செலவு எப்படிப் பிரியும் என்பதையும் தனித் தாளில் எல்லோரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கை

அமைதியான ஒழுங்கை என்று விளம்பரத்தில் இருக்கும். வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால் எந்த ஒழுங்கையும் அமைதிதான். காலை ஏழுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் போங்கள், சனி ஞாயிறும் போங்கள். பக்கத்தில் ரியூசன் நிலையம் இருந்தால் நூறு சைக்கிள் ஒன்றாக வெளியே வரும். கோயில் கிட்ட இருந்தால் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று அங்கே இருப்பவரைக் கேளுங்கள், நல்லூர்க் கந்தனுக்குக் கிட்ட என்றால் 25 நாள் திருவிழாவில் சுற்று வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சிலருக்கு அது குறையே இல்லை, வீட்டு வாசலில் நின்று தேர் பார்ப்பதற்காகவே கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. கொக்குவில், கோண்டாவில் பக்கம் ரயில் பாதைக்குக் கிட்ட என்றால் அதையும் ஒரு தரம் நின்று கேட்டுவிடுங்கள்.

ஒழுங்கை பிரதேச சபையின் வீதியா, தனியாருடையதா என்பது அடுத்த கேள்வி. கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலியின் பெரும் பகுதி நல்லூர் பிரதேச சபைக்குள், சுன்னாகம், உடுவில் வலிகாமம் தெற்குக்குள், கோப்பாய் வலிகாமம் கிழக்குக்குள். உரிய சபைக்குப் போய் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்தால் வீதி அகலிக்கும்போது உங்கள் முன்பக்கம் எவ்வளவு போகும் என்றும் தெரியும். அனுமதி பெற்ற கட்டடப் படமும், கட்டி முடித்ததும் சபை கொடுக்கிற இணக்கச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். தனியார் ஒழுங்கை என்றால் வழி உரித்து எத்தனை அடி அகலத்துக்கு என்று உறுதியிலும் படத்திலும் இருக்க வேண்டும். "எல்லோரும் இதால்தானே போகிறார்கள்" என்பது நாளைக்கு ஒருவர் கேற் போட்டுப் பூட்டும்போது உதவாது. அம்புலன்ஸ் திரும்புமா, தண்ணீர் பவுசர் வருமா, வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் பந்தல் எங்கே போடுவது? செத்த வீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கதிரை போட இடம் வேண்டும் நமக்கு. நாலு வீட்டாரும் பொதுப் பாதையை அதற்கு விட்டுக்கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொண்டால் பிறகு மனக்கசப்பு வராது.

பள்ளமா மேடா என்பதை மழை காட்டும். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த அடுத்த நாள் காலை போய்ப் பாருங்கள். அது முடியாவிட்டால் 2008 நவம்பர் நிஷா புயல் வெள்ளத்தில் இந்த ஒழுங்கையில் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று முன் வீட்டு அம்மாவைக் கேளுங்கள், படியைத் தொட்டுக் காட்டுவார்.

காசும் கையெழுத்தும்

வீட்டு விலைக்கு மேலே முத்திரைத் தீர்வை உண்டு, அது வாங்குபவர் பொறுப்பு. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். இரண்டு கோடி ரூபாய் வீடு என்றால் 7 லட்சத்து 99 ஆயிரம். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், நில அளவையாளர், பதிவுத் தேடல், தண்ணீர்ப் பரிசோதனை. கையில் இருப்பதையெல்லாம் வீட்டு விலைக்கே கொட்டிவிட்டு இதற்குக் கடன் தேடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிற தம்பியோ மகளோ காசு அனுப்பி வாங்குவது என்றால் பெயர் விஷயத்தைக் கவனியுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்குத் தடையில்லை. கொண்டோமினியமாகப் பதிந்த வீடுகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, நீங்கள் பார்க்கிற வீடு அதற்குள் வருமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். விலக்குக்குள் வராத வீட்டை, கனடாப் பிரஜை ஆகி, இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர் பெயரில் உறுதி எழுத முடியாது. அக்கா பெயரில் எழுதிவிட்டு "வீடு என்னுடையதுதான்" என்று இருந்தால், சட்டப்படி அது அக்காவுடையது, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுடையது. அன்பு இருக்கிற இடத்தில் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் எழுத முதல் பேசுங்கள். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது அதைவிட நல்லது. குடியுரிமை இருந்தும் நேரில் வர முடியாதவர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம், அதை இங்கே பதிவு செய்ய வேண்டும், எந்தக் காணி, என்ன காரியம் என்று குறிப்பாக எழுதியதாக இருப்பது நல்லது.

உறுதியில் கையெழுத்து வைத்த அன்றோடு வேலை முடியாது. அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிய வழக்குகளில் யார் முதலில் பதிந்தார் என்பது பெரிதாக எண்ணப்படும், ஆகவே நொத்தாரிசிடம் இன்றைக்கே அனுப்புங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிவிலக்கம் விழுந்த உறுதி கைக்கு வந்ததும் பிரதேச சபைக்குப் போய்ச் சோலைவரிப் பதிவில் பெயரை மாற்றுங்கள், மின்சாரக் கணக்கையும் மாற்றுங்கள், உறுதியையும் நில அளவைப் படத்தையும் கிணற்றுப் பங்குத் தாளையும் பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் இருக்கிற நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.